அம்புக்குறி இருக்கட்டும், பூட்டு வேண்டாம்

கேள்வி, சுருக்கமாக: கோவை சரவணம்பட்டியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கேம்) செய்கிறார்கள். களம், ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கொங்கு நாடு. பாலக்காட்டுக் கணவாயில் தொடங்கி வெள்ளலூர், கொடுமணல் வழியாகக் கரூர் வரை போன வணிகப் பெருவழிதான் மேப். குழுவில் இரண்டு பேர், "பிளேயரை இறக்கி விட்டுட்டு அவங்க பாட்டுக்கு விட்டுடலாம்" என்கிறார்கள். மற்ற இரண்டு பேர், "கதையும் குவெஸ்ட்டும் இல்லைன்னா பத்தே நிமிஷத்துல அன்இன்ஸ்டால் பண்ணிருவாங்க" என்கிறார்கள். (குவெஸ்ட் என்றால் கேம் பிளேயருக்குக் கொடுக்கும் வேலை.) இவர்கள் எழுதி வைத்திருக்கும் கதையில் பிளேயர்தான் சேர மன்னனின் தொலைந்துபோன வாரிசு. யார் பக்கம் சரி? லெவல் வேண்டுமா? வழிப்பறிக்காரர்களாக விளையாட விடலாமா?

தம்பி, தீர்ப்புச் சொல்லும் முன் ஒன்று. இரண்டு கட்சியும் சேர்ந்தே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். வழி காட்டுவது ஒரு வேலை, வழி மறிப்பது இன்னொரு வேலை. குவெஸ்ட் கொடுப்பவர் தலைக்கு மேலே மின்னும் ஆச்சரியக்குறி, மேப்பில் வரும் அம்புக்குறி, "அந்தக் கிணத்தடிக்குப் போய்ப் பாருங்க" என்று சொல்லும் ஊர்ப் பெரியவர், இதெல்லாம் வழி காட்டுவது. 20ஆம் லெவல் வந்தால்தான் இந்த ஊருக்குள் போகலாம், இந்தக் கதையை முடித்தால்தான் அந்தத் தொழில் திறக்கும் என்பது வழி மறிப்பது, அதாவது பூட்டு. பெரும்பாலான கேம்களில் இரண்டும் ஒட்டுக்கா வருவதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் சுதந்திரக் கட்சி வெறுப்பது பூட்டை, ஆனால் திட்டுவது அம்புக்குறியை. கதைக் கட்சி கேட்பது அம்புக்குறியை, ஆனால் எழுதி வைத்திருப்பது பூட்டை.

இந்தக் கண்ணோடு பழைய கேம்களை ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்கள். 1997 செப்டம்பரில் வந்த அல்டிமா ஆன்லைனில் லெவலே கிடையாது. எந்த வேலையைச் செய்கிறீர்களோ அந்தத் திறன் ஏறும். மொத்தம் 700 புள்ளிதான் உச்சவரம்பு, அதை வாளுக்கும் மந்திரத்துக்கும் கொல்லுப் பட்டறைக்கும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது உங்கள் பாடு. அம்புக்குறியும் இல்லை, பூட்டும் இல்லை. 1999-ல் வந்த எவர்குவெஸ்ட்டில் அம்புக்குறி இல்லை, பூட்டு நிறைய. லெவல் உண்டு, பல தொழில்களுக்குத் தனி ஆளாக மேலே ஏற வழியில்லை, செத்தால் சேர்த்த எக்ஸ்பியில் (அனுபவப் புள்ளியில்) ஒரு பங்கு போய்விடும், சாமானை மீட்க வெறுங்கையோடு தன் பிணத்தைத் தேடித் தானே ஓட வேண்டும். 2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. குவெஸ்ட்டைப் பிடித்துக்கொண்டே தனி ஆளாக 60ஆம் லெவல் வரை போய்விடலாம் என்று ஆக்கியது அதுதான். 2010-ல் அதற்கு 1.2 கோடி சந்தாதாரர்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு முதல் போடுகிறவர்கள் யாரும் அம்புக்குறியையும் பூட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிரிக்க முடியும் என்று காட்டியது எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன். 2014-ல் வந்தபோது உங்கள் அணி எதுவோ அந்த நிலம்தான், உங்கள் லெவல் எதுவோ அந்த ஊர்தான். 2016 அக்டோபரில் ஒரே அப்டேட்டில் அந்த வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள். பிளேயரின் பலமும் எதிரியின் பலமும் எங்கே போனாலும் ஒத்துப்போகும்படி மாற்றினார்கள். முதல் நாளே எந்த மூலைக்கும் போகலாம், பழைய ஆளும் புது ஆளும் சேர்ந்து சுற்றலாம். குவெஸ்ட் அம்புக்குறிகள் அப்படியே இருந்தன, யாருக்கும் அவை இடைஞ்சலாகப் படவில்லை. நேர் எதிர் உதாரணம் ஃபைனல் ஃபேன்டஸி 14. முதன்மைக் கதையை வரிசையாக முடிக்காமல் புதிய நிலங்களுக்குள் கால் வைக்க முடியாது. ஆனால் ஒரே ஆள் எல்லாத் தொழிலையும் கற்கலாம், மாற்றலாம். கதைக்காகவே அங்கே கூட்டம் போகிறது, அதனால் கதையில் போட்ட பூட்டை ஜனம் பொறுத்துக்கொள்கிறது. எதைப் பூட்டலாம் என்று தெரிந்து பூட்டியிருக்கிறார்கள்.

அம்புக்குறி வைத்தால் சுதந்திரம் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் பலமில்லை. ரையன், ரிக்பி, ஷிபில்ஸ்கி மூவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, கேம் நம்மைப் பிடித்து வைப்பதற்குத் தன்விருப்பம், கைத்தேர்ச்சி, மனித உறவு என்று மூன்று தேவைகளைச் சொல்கிறது. அதில் தன்விருப்பம் என்பது, செய்வது என் இஷ்டப்படிதான் நடக்கிறது என்ற உணர்வு. மெனுவில் எத்தனை வரி இருக்கிறது என்பது வேறு கணக்கு. பெரியவர் சொன்ன வழியிலேயே போனாலும், போகாமல் இருக்கவும் முடியும் என்று தெரிந்தால் அந்த உணர்வு வரும். முந்நூறு வழி திறந்திருந்து ஒன்றுமே புரியாமல் முழித்தால் வராது. கில்டு வார்ஸ் 2 செய்தவர்கள் 2012-ல் கேமை வெளியிடுவதற்கு முன் குவெஸ்ட் பட்டியலையே தூக்கிவிட்டு, உலகத்தில் தானாக நடக்கும் நிகழ்வுகளை நம்பினார்கள். சோதித்த பிளேயர்களுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான், இங்கே செய்ய வேலை இருக்கிறது என்று காட்டும் இதயக்குறிகள் மேப்பில் வந்தன. இதயக்குறி இருக்கும் இடத்துக்குப் போகிற வழியில் நிகழ்வு மாட்டும், ஆள் அங்கேயே நின்றுவிடுவார். அம்புக்குறியின் வேலை அவ்வளவுதான். ஆளைக் கிளப்பி விடுவது.

உங்கள் பிளேயர் யார் என்பதையும் யோசியுங்கள். திருப்பூரில் ஷிப்ட் முடித்துவிட்டு அவிநாசி பஸ்ஸில் போனை எடுக்கும் பையனுக்கு இருப்பது அரை மணி நேரம். "உலகம் உன்னுடையது, போ" என்றால் அவன் எங்கே போவான்? நேற்று விட்ட இடம், இன்று செய்யக்கூடிய ஒரு வேலை, இரண்டையும் திரை காட்ட வேண்டும். அதற்காக, விரலைத் தொடாமலே ஆள் தானாக ஓடித் தானாகச் சண்டை போடும் கொரிய, சீன மொபைல் கேம்களின் ஆட்டோ பிளேக்குப் போய்விடாதீர்கள். அங்கே பிளேயர் பார்வையாளர் ஆகிவிட்டார்.

இனி அம்புக்குறியை விட ஆபத்தான ஒன்று. எந்த அம்புக்குறியும் வைக்காமலே பிளேயரை ஒரே தடத்தில் ஓட வைக்க முடியும், பரிசை ஓரிடத்தில் குவித்தால் போதும். இதற்கு ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் கதையை விடப் பெரிய பாடம் இல்லை என்பது என் அபிப்ராயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2003 ஜூனில் வந்த கேம் அது. வடிவமைப்புக்குத் தலைமை ராஃப் கோஸ்டர், அல்டிமா ஆன்லைனில் வேலை பார்த்தவர். முப்பதுக்கும் மேல் தொழில்கள், சண்டைக்குச் சம்பந்தமே இல்லாதவை பாதி. மதுக்கூடத்தில் ஆடும் நடனக்காரர், மருத்துவர், கட்டடக் கலைஞர், துப்பாக்கி செய்பவர். சண்டை போட்டுக் களைத்தவரின் அயர்ச்சி நடனம் பார்த்தால்தான் தீரும், எனவே வீரனுக்கு நடனக்காரர் தேவை. நல்ல ஆயுதம் பிளேயர் செய்தால்தான் உண்டு, எனவே அவனுக்குக் கைவினைஞரும் தேவை. பிளேயர்கள் தாங்களே ஊர் கட்டினார்கள். இப்படி ஓடிக்கொண்டிருந்த உலகத்தில் ஜெடை, அதாவது ஸ்டார் வார்ஸ் படங்களில் ஒளிவாள் ஏந்தும் மாயசக்தி வீரர், ஆவது மட்டும் ரகசியம். ஒவ்வொருவருக்கும் கேம் கமுக்கமாகச் சில தொழில்களை ஒதுக்கி வைத்திருக்கும், அவற்றில் தேர்ந்தால் கதவு திறக்கும், எவை என்று தெரியாது. நாளாகியும் யாரும் ஜெடை ஆகவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில், எந்தத் தொழில் என்று துப்புக் கொடுக்கும் ஒரு பொருளை உலகத்துக்குள் விட்டார்கள்.

அவ்வளவுதான். தனக்குப் பிடித்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் அதை விட்டுவிட்டு, பிடிக்காத தொழிலை ஒன்றன்பின் ஒன்றாக அரைத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். மருத்துவர் துப்பாக்கி தூக்கினார், துப்பாக்கிக்காரர் விருப்பமே இல்லாமல் நடனம் ஆடினார். ஒரு விதியும் மாறவில்லை, ஒரு கதவும் மூடப்படவில்லை. சுதந்திரம் தாளில் அப்படியே இருந்தது. எல்லாரும் ஒரே பரிசைப் பார்த்ததும் ஒரே வரிசையில் நின்றுவிட்டார்கள். 2005 நவம்பரில் நிறுவனம் இன்னும் மோசமான வேலை செய்தது. முப்பது சொச்சம் தொழில்களை ஒன்பதாகச் சுருக்கி, ஜெடையையும் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியது. ஊர் கட்டி உட்கார்ந்திருந்தவர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். 2011 டிசம்பரில் சர்வரை மூடினார்கள். சுதந்திரம் தருகிறேன் என்று கூப்பிட்டுவிட்டு நடுவழியில் கையைப் பிடித்து இழுத்தால் மன்னிக்க மாட்டார்கள் என்பது இதன் இரண்டாவது பாடம்.

இன்று நிலைமை இன்னும் கடினம். உங்கள் கேம் வந்து ஒரு வாரத்துக்குள் "பெஸ்ட் பில்ட் (எந்தத் திறனை எப்படிச் சேர்ப்பது), சீக்கிரம் பணக்காரர் ஆவது எப்படி" என்று தமிழிலேயே யூடியூபில் வீடியோ வந்துவிடும். நீங்கள் அம்புக்குறி வைக்காவிட்டால் பிளேயர்களே வைத்துக்கொள்வார்கள், அதுவும் ஒரே ஒரு அம்புக்குறி, பரிசை நோக்கி. ஆகவே உண்மையான கேள்வி, போட்ட வீடியோ அடுத்த வாரம் பழசாகிப்போக என்ன செய்ய வேண்டும் என்பது. என் பதில்: மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை மற்ற பிளேயர்கள் தீர்மானிக்கும்படி விடுங்கள்.

கேலக்ஸீஸிலேயே இதற்கு அருமையான ஒரு முறை இருந்தது. மண்ணுக்குள் கிடைக்கும் தாதுவின் தரம் நிரந்தரம் இல்லை. ஒரு படிவம் சில நாள் கிடைக்கும், தீர்ந்ததும் அதே தரத்தில் மறுபடி வராது. நல்ல இரும்பு எங்கே என்று தேடித் திரிவதே ஒரு தொழிலானது. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேம் 2003-லிருந்து ஓடுகிறது. அங்கே விற்கப்படும் விண்கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை பிளேயர்கள் செய்தவை. அதன் மாபெரும் சந்தையான ஜிட்டாவை யாரும் சந்தை என்று வடிவமைக்கவில்லை. ஆட்கள் கூடினார்கள், சந்தை ஆனது, பிறகு நிறுவனம் அந்த ஒரு இடத்துக்காகவே வலுவான சர்வர் போட வேண்டி வந்தது. 2017-ல் வந்த ஆல்பியன் ஆன்லைனில் ஒவ்வொரு நகரத்துக்கும் தனி மார்க்கெட். இங்கே வாங்கியதை அங்கே விற்க வேண்டுமானால் சுமந்துதான் போக வேண்டும், ஆபத்தான பகுதியில் செத்தால் சரக்கு கொன்றவன் கைக்கு. 2021-லிருந்து போனிலும் அதே உலகம்தான்.

உங்கள் களம் இதற்காகவே அமைந்தது மாதிரி இருக்கிறது. நொய்யல் வடகரையில் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த பட்டறைகள், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஓடுகளில் உள்ள பெயர்களில் பிராகிருதப் (பழைய வடநாட்டு மொழிப்) பெயர்களும் உண்டு. வடக்கத்தி ஆட்கள் வந்து போனதற்கு அதுவே சாட்சி. பெரில் என்னும் மணிக்கல் பக்கத்தில் படியூரில் கிடைக்கும், சூதுபவளம் என்னும் செந்நிறக் கல் உள்ளூர்க் கல் இல்லை, வெளியிலிருந்து வந்தது. மேற்கே கணவாய் தாண்டினால் மிளகு, கிழக்கே கரூர், வழியெங்கும் ரோமக் காசு. இதைப் பார்த்துவிட்டும் யாராவது வாரிசுக் கதை எழுதுவார்களா தம்பி? ஒரே நேரத்தில் முந்நூறு பேர் விளையாடினால், கொடுமணல் கடைவீதியில் தொலைந்துபோன இளவரசர்கள் முந்நூறு பேர் மணி விலை பேசிக்கொண்டிருப்பார்கள். கதை வேண்டுமென்றால் ஊருக்கு வையுங்கள், ஆளுக்கு வைக்காதீர்கள். மழை பொய்த்தது, நொய்யலில் வெள்ளம் வந்தது, கணவாயில் யானைக்கூட்டம் இறங்கியது, கரூரில் அரண்மனைத் திருமணம், மணிக்குக் கிராக்கி. எல்லாருக்கும் ஒரே சேதி, ஆளுக்கொரு பிழைப்பு.

பிளேயர் பிளேயருக்குத் தேவைப்படும்படி எப்படிச் செய்வது என்று கேட்டால், உங்களுக்கு வெளியே தேட வேண்டாம். திருப்பூரில் ஒரு பனியன் உருவாகும் விதத்தைப் பாருங்கள். நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பேக்டிங், கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் ஒவ்வொன்றும் ஒருத்தர் கையில். எல்லாம் ஜாப் ஒர்க். எல்லா மெஷினையும் ஒரே ஆள் வைத்துக்கொண்டால் நடக்காது என்பதில்லை, ஆனால் முதல் அதிகம், ஆர்டர் இல்லாத மாதம் தூக்கம் வராது. அதே அளவு உராய்வு உங்கள் கேமில் இருந்தால் போதும். ஒரு பிளேயர் கல் எடுத்து, துளை போட்டு, மெருகேற்றி, கோத்து, கரூர் வரை கொண்டுபோய்த் தானே விற்கலாம், பூட்டு வேண்டாம். ஆனால் துளை போடுகிறவருக்கு இரும்பு ஊசி தேவை, இரும்புக்குக் கரி தேவை, கரிக்குக் காடு தேவை என்று வைத்துவிட்டால், இரண்டாம் நாளே அவர் பக்கத்து ஆளிடம் பேசுவார். காட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அல்டிமா ஆன்லைனில் ஓநாய் முயலைத் தின்னும், முயல் குறைந்தால் ஓநாய் ஊருக்குள் வரும் என்று அழகான உயிர்ச்சங்கிலி ஒன்று செய்தார்கள். பிளேயர்கள் வந்த வேகத்தில் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டார்கள், சங்கிலி ஓடவே இல்லை.

நாலு பேர் குழுவுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீங்கள் மூன்று மாதம் எழுதும் குவெஸ்ட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தின்று முடிப்பார்கள். அதனால் கதை வண்டியை உங்களால் இழுக்க முடியாது. மறுபக்கம், ஆள் இல்லாத சுதந்திர உலகம் பொட்டல்காடு. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி, நம் ஊர் வாரச்சந்தை. கருங்கல்பாளையத்தில் மாட்டுச்சந்தை வியாழக்கிழமை என்றால் அன்றைக்குத்தான் கூட்டம், மற்ற நாள் வேறு வேலை. கேமிலும் ஊருக்கொரு கிழமை வையுங்கள். திங்கள் வெள்ளலூர், புதன் கொடுமணல், சனி கரூர். சந்தை நாளில் மட்டும் வாங்குபவர்கள் வருவார்கள், விலை கிடைக்கும். இருநூறு பேர்தான் ஆடுகிறார்கள் என்றாலும் அன்று ராத்திரி ஏழரை மணிக்கு அவர்கள் ஓரிடத்தில் இருப்பார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் எல்லாருக்கும் எங்கே போவதென்று தெரியும்.

வழிப்பறி. விடலாம், விட வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆபத்தில்லாத வழியில் சரக்குக் கொண்டுபோவது வெறும் நடை. ஆனால் அல்டிமா ஆன்லைனில் தொடக்கத்தில் கொலைக்காரப் பிளேயர்கள் புது ஆட்களை வாசலிலேயே வெட்டிச் சாய்த்து விரட்டினார்கள். 2000-ல் உலகத்தையே இரண்டாகப் படியெடுத்து, ஒன்றில் விருப்பமில்லாமல் ஒருவரை ஒருவர் கொல்ல முடியாது என்று ஆக்கினார்கள். ஜனம் அந்தப் பக்கம் சாய்ந்தது, பழைய பக்கம் வெறிச்சோடியது. கொலைக்காரனின் சுதந்திரம் அடுத்தவன் காசில் நடக்கிறது என்பதை அதற்குப் பிறகு வந்தவர்கள் மறக்கவில்லை. எனக்குப் பிடித்தது ஈவ் முறை. காவல் உள்ள பகுதியில் யாரையும் சுடலாம், தடுக்க மாட்டார்கள். ஆனால் சுட்டவன் கப்பலைக் காவல்படை கட்டாயம் அழிக்கும். எனவே கொள்ளைக்காரன் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும், எதிரியின் சரக்கு தன் கப்பலை விட மதிப்பா என்று. அப்படி விலை வையுங்கள். ஊர் எல்லைக்குள் விலை அதிகம், கணவாய்க் காட்டுக்குள் குறைவு. வணிகச் சாத்துக்கு (சரக்கோடு சேர்ந்து போகும் வணிகர் கூட்டத்துக்கு) கூலிக்கு வில்லாளி அமர்த்தும் தொழில் தானாக வரும்.

ஏமாற்றுக்காரர்களை ஒழிக்கிறேன் என்று மார்க்கெட்டைப் பூட்டும் ஆசையும் வரும், வரும்போது ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமை நினைத்துக்கொள்ளுங்கள். கேம் காசை நிஜக் காசுக்கு விற்கும் கும்பலைத் தடுக்க 2008 தொடக்கத்தில் பிளேயர்களுக்கு இடையிலான தாராள வியாபாரத்துக்கே வரம்பு வைத்தார்கள். நண்பனுக்கு ஒரு பரிசு கொடுப்பதுகூடச் சிக்கலானது. 2011 பிப்ரவரியில் பிளேயர்களிடம் வாக்கெடுத்துத் திரும்ப விட்டார்கள்.

லெவல்? எண் இருக்கட்டும், ஜனத்துக்கு எண் பிடிக்கும். ரூன்ஸ்கேப்பில் ஒரு திறன் 99ஆம் லெவல் அடைய 1,30,34,431 எக்ஸ்பி வேண்டும், 92-ல்தான் பாதி தூரம். தெரிந்தே லட்சக்கணக்கானோர் ஏறினார்கள். ஆனால் லெவல் ஏற ஏறப் புது ஆளைத் தொட முடியாத ராட்சசன் ஆகிவிடக் கூடாது. ஈவில் நேற்று வந்தவனின் சின்னக் கப்பல்கூட எதிரியின் பெரிய கப்பலை ஓட விடாமல் பிடித்து நிறுத்த உதவும், அதனால் பழைய ஆட்களே புது ஆட்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் கேமில் தேர்ந்த மணிக்காரர் கல்லை வீணாக்காமல் அறுப்பார், நுணுக்கமாகத் துளை போடுவார். அந்த அளவு வித்தியாசம் போதும்.

முதல் பிளேடெஸ்ட்டுக்கு (ஆட்களை ஆட விட்டுப் பார்க்கும் சோதனைக்கு): வெள்ளலூரில் தொடங்கி முதல் சந்தை முடியும் வரை அம்புக்குறி வையுங்கள், அதற்கப்புறம் அணைத்துவிடுங்கள். எத்தனை பேர் சந்தையில் முன்பின் தெரியாத ஒருத்தரிடம் வாங்கினார்கள், அடுத்த சந்தைக்கு எத்தனை பேர் தானாக வந்தார்கள், இந்த இரண்டை மட்டும் எண்ணுங்கள். கேம் ஆடிப் பழகிய கல்லூரி நண்பர்களை மட்டும் உட்கார வைக்காதீர்கள், அவர்கள் எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வார்கள். கேமே தொடாத ஒரு அக்காவையாவது கூப்பிடுங்கள், பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் எந்த இடத்தில் திரும்பி, "ஏனுங் தம்பி, இப்ப நா என்ன பண்ணோணும்?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அன்று ராத்திரியே நாலு பேரும் பேசுங்கள்.